கொதிக்கும் ரேடியேட்டரும் கறுப்பு பெயிண்ட்டும்

கேம்ப்பில் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டை ஒட்டி ஒரு சந்து. அங்கே ஒரு பார்சிப் பெரியவரின் பழைய பங்களா, பின்னால் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் 1936-ஆம் வருஷத்து ஃபோர்டு V8. ஞாயிற்றுக்கிழமை காலையில் பன் மஸ்கா வாங்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது என் வழக்கம். (வீட்டில் தங்கமணிக்கு விஷயம் தெரியும். கேட்பதில்லை.)

அன்றைக்கு பானெட் திறந்திருந்தது. "என்ன புதுசு, சொல்லு பார்ப்போம்" என்றார். ஐந்து நிமிஷம் குனிந்து பார்த்தேன். பழைய இரும்பு எஞ்சின், கறுப்பு ரேடியேட்டர், கம்பி கிளாம்ப் போட்ட ரப்பர் குழாய்கள், துணி சுற்றின ஒயர்கள். எல்லாம் தாத்தா காலம். "ஒன்றும் இல்லையே சார்" என்றேன். டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ஒரு சுவிட்சைத் தட்டினார். எங்கிருந்தோ 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், கறுப்பு பெயிண்ட் அடித்து ஒளித்து வைத்த எலெக்ட்ரிக் ஃபேன். ரேடியேட்டரும் செம்பு இல்லை, அலுமினியமாம். அதற்கும் மெல்லிசாக ஒரு கோட் கறுப்பு.

"இனிமே காத்ரஜ் சௌக் சிக்னல்ல கொதிக்காது, டிக்ரா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருச்சி வீட்டில் நிற்கிற அப்பாவின் பத்மினி ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த ஒளிவுமறைவு எப்படி ஆரம்பித்தது என்று பார்ப்போம். நான் படித்தது பி.காம்., மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த விஷயத்தை விடாமல் படித்து வருகிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் எரிகிற எண்ணெயின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு என்றால், இன்னொரு பங்கு குளிர்விக்கிற தண்ணீரோடு போகிறது. கார்ல் பென்ஸின் 1886 வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், மறுபடி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். 1888-இல் அவர் மனைவி பெர்தா இரண்டு பையன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனபோது, வழி நெடுகத் தண்ணீர் தேடினார். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்திலேயே "வண்டி சூடாயிடுச்சு, தண்ணி ஊத்தணும்" இருந்திருக்கிறது பாருங்கள்.

இதற்கு ஒரு வழி கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1901-இல் வந்த 35 குதிரைசக்தி மெர்சிடிஸுக்கு அவர் செய்த தேன்கூடு ரேடியேட்டரில் 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070. குழாய்க்குள் காற்று, சுற்றிலும் தண்ணீர். அதற்குப் பிறகு வண்டியின் முன்னால் நிற்கிற ரேடியேட்டர்தான் வண்டிக்கு முகம். தூரத்தில் வரும்போதே அந்தப் பித்தளைச் சட்டத்தைப் பார்த்து இது ரோல்ஸ் ராய்ஸ், இது ஃபோர்டு என்று சொல்லலாம்.

இங்கேதான் வேடிக்கை. 1930-களில் கம்பெனிகளே அந்த முகத்தை முகமூடியாக்கிவிட்டன. நிஜ ரேடியேட்டர் பின்னால் ஒளிந்துகொள்ள, முன்னால் அழகுக்கு ஒரு கிரில். 1932 ஃபோர்டின் புகழ்பெற்ற முகம்கூட ரேடியேட்டர் இல்லை, அதை மூடிய ஓடு. இன்றைக்கு ரேடியேட்டர் தேவை பெரிதாக இல்லாத மின்சாரக் கார்களிலும் கம்பெனிகள் அந்தப் பழைய கிரில்லின் வடிவத்தை விடாமல் ஒட்டி வைக்கின்றன. ஆகவே பெரியவரைப் பொய்க்காரர் என்று சொல்லும் முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வேஷம் போட ஆரம்பித்தது அவர் இல்லை.

சரி, ஃபோர்டு V8 ஏன் கொதித்தது?

ஹென்றி ஃபோர்டு 1932-இல் சாதாரண ஜனங்களுக்கு எட்டு சிலிண்டர் கொடுத்தார். 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. மலிவாகச் செய்ய வேண்டும் என்பதால் வால்வுகளை எல்லாம் பிளாக்கிலேயே வைத்தார்கள். புகை வெளியே போக வேண்டுமே? அது சிலிண்டர்களுக்கு நடுவே, தண்ணீர் ஓடுகிற சுவர்களைத் தொட்டுக்கொண்டே பிளாக்கைக் கடந்து வெளியேறியது. அதாவது வீட்டுப் புகைபோக்கியைக் குடிதண்ணீர்த் தொட்டி வழியாகக் கட்டின மாதிரி! போதாததற்கு 1936 வரை தண்ணீர் பம்புகளை மேலே ஹெட்டில் வைத்து, சூடான தண்ணீரை உறிஞ்சச் சொன்னார்கள். 1937-இல்தான் பம்புகள் பிளாக்கின் முன்பக்கம் கீழே இறங்கி, ஆறின தண்ணீரை உள்ளே தள்ள ஆரம்பித்தன. பெரியவருடைய வண்டி 1936. ஒரு வருஷம் முந்திப் பிறந்துவிட்டது, பாவம்.

நம் ஊருக்கும் இந்த வண்டிகள் நிறைய வந்தன. 1926-இல் தொடங்கிய ஃபோர்டின் இந்தியக் கம்பெனி பம்பாய், மதராஸ் போன்ற துறைமுக நகரங்களில் பாகங்களைக் கோத்து விற்றது. இங்கேயே தயாரிக்கத் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம் என்று 1953-இல் டாரிஃப் கமிஷன் சொன்ன பிறகு கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டெட்ராய்ட் குளிருக்குச் செய்த வண்டியை ஊட்டி மலையில் ஏற்றினால் என்ன ஆகும்? கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் ஊட்டி உயரத்தில் 93-லேயே கொதித்துவிடும். புனேயில் 98. இங்கே 1830-இல் போட்ட போர் காட் பாதையில் மும்பை போகிறவர்களுக்கு ஒரு காலத்தில் கண்டாலா பக்கம் பானெட்டைத் தூக்கி நிற்கிற வண்டிகள் சாதாரணக் காட்சி. 2002-இல் எக்ஸ்பிரஸ்வே முழுசாகத் திறந்த பிறகு வந்தவர்களுக்கு இது புரியாது.

இப்போது அமெரிக்காவுக்கு ஒரு தாவு தாவ வேண்டும். பெரியவர் செய்த தந்திரங்கள் பிறந்த இடம் அது. கலிஃபோர்னியா பையன்கள் 1930-களிலேயே பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, எஞ்சினைக் குடைந்து பெரிதாக்கி, மியூராக் போன்ற காய்ந்த ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். 1937-இல் அவர்களுக்கென்று ஒரு சங்கமே உண்டாயிற்று. யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் சேர்ந்ததும் அது பெரிய அலை. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை வந்தது. பிற்பாடு பளபளப்பான நவீன பாகங்கள் அலுத்துப்போய், "1950-இல் செய்த மாதிரியே இருக்கணும்" என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. அதைத்தான் டிரெடிஷனல் ஹாட் ராட் என்கிறார்கள்.

அவர்களுடைய சிக்கல் நம்முடையதைவிட மோசம். குடைந்த எஞ்சினுக்குச் சூடு அதிகம். ரேடியேட்டரோ அந்தச் சின்ன 1932 ஓட்டுக்குள் அடங்க வேண்டும். ஏரிப் படுகையில் காற்று அள்ளிக்கொண்டு போகும், ஊர் டிராஃபிக்கில் போகாது. பல பேர் பானெட்டையே போடுவதில்லை, எஞ்சின் அம்மணமாக நிற்கும், ஒளிக்க இடமில்லை. அதனால்தான் வேஷம் கலையாகிவிட்டது. அலுமினிய ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பழைய பித்தளைத் தொட்டி வடிவத்திலேயே செய்து கறுப்படிப்பார்கள். பெயிண்ட் தடிமனாகிவிட்டால் சூடு வெளியே போகாது, லேசாகத்தான் அடிக்க வேண்டும். ஸ்குரூ கிளாம்ப் பார்த்தவுடனே காட்டிக்கொடுத்துவிடும் என்று பழைய கம்பி கிளாம்ப். பழைய பம்பின் கூட்டுக்குள் புது இறக்கை. வழிகிற தண்ணீரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் சட்டத்துக்குள் மறைத்த ஒரு குழாய்.

செம்பைவிட அலுமினியம் சூடு கடத்துவதில் மட்டம்தானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். உலோகமாகப் பார்த்தால் உண்மை. ஆனால் அலுமினியக் குழாயை அகலமாகச் செய்யலாம், இறகையும் குழாயையும் ஈயப் பற்று இல்லாமல் ஒரே உலோகமாக ஒட்டலாம். பழைய செம்பு ரேடியேட்டரில் நடுவில் இருக்கிற ஈயம்தான் முட்டுக்கட்டை.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது கரண்ட் விவகாரம். பழைய ஃபோர்டு 6 வோல்ட். எலெக்ட்ரிக் ஃபேன் 12 வோல்ட். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதுதான் ஃபேன் வேண்டும், ஆனால் டைனமோவோ எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கரண்ட் தருவதே இல்லை. ஆல்டர்னேட்டர் போட்டால் தரும், ஆனால் அதன் உருவம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் வழி கண்டார்கள்: டைனமோவின் நீளக் கூட்டுக்குள் உட்கார்ந்த ஆல்டர்னேட்டர். ஒரு வேஷத்துக்குத் துணையாக இன்னொரு வேஷம்! எங்கள் தொழிலில் இப்படி ஒரு பதிவை மறைக்க இன்னொரு பதிவு போட்டால் இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டிக்கொள்வார்கள்.

நம் நாட்டில் ஹாட் ராட் செய்து ரோட்டில் ஓட்ட முடியாது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், நம்பரில் 'விஏ' என்று வரும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை. பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பான ஃபீவா 2013-இல் உறுதிசெய்த டூரின் சாசனம் இன்னும் தெளிவு: ஓட்டத்துக்கோ பாதுகாப்புக்கோ மாற்றம் வேண்டுமென்றால் செய்யலாம், தோற்றத்தோடு ஒத்துப்போகட்டும், திருப்பி மாற்றும்படி இருக்கட்டும், கழற்றியதைப் பத்திரப்படுத்துங்கள், செய்ததை எழுதி வையுங்கள்.

படித்ததும் எனக்கு கணக்குப் பதிவியல் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. தேய்மானம் கணக்கிடும் முறையை ஒரு கம்பெனி மாற்றலாம், குற்றமில்லை. மாற்றியதை பேலன்ஸ் ஷீட்டின் கீழே குறிப்பாகச் சொல்லாமல் விட்டால்தான் குற்றம். கறுப்பு பெயிண்ட்டில் தப்பில்லை. வாங்குகிறவனிடம் "எல்லாம் ஒரிஜினல்" என்று சொல்லி விலை ஏற்றுவதுதான் தப்பு. இப்போது பெரியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் எல்லோரிடமும் சுவிட்சைத் தட்டிக் காட்டிவிடுகிறார்!

இனி எங்கள் வண்டி. 1975-இல் அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100-தான், 1974-இல் அந்தப் பெயர் வைத்தார்கள், 2001 வரை வந்தது. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது, அண்ணாதான் பார்த்துக்கொள்கிறார். போன மே மாதம் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனோம். சேலம் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவு. பதிமூன்றாவதில் புஸ்ஸென்று ஆவி. என் பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். புனே திரும்பினதும் பெரியவரிடம் கேட்டு, ஃபேன் சமாசாரத்தை அண்ணாவிடம் போனில் சொன்னேன்.

"அப்பா வண்டியில கை வைக்காதேடா" என்றார். அதோடு பேச்சு நின்றது, இரண்டு மாசம்.

நடுவில் அவரே ஒரு வேலை செய்தார். ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்துக் குழாய்களுக்குள் குச்சி விட்டுச் சுத்தம் செய்தார். பாதிக் குழாய் அடைப்பு. தெர்மோஸ்டாட்டை எந்தக் காலத்திலோ யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள், அதையும் திரும்ப மாட்டினார். நம்மூரில் கொதிக்கிற பழைய வண்டிகளில் முக்கால்வாசிக்கு இதுதான் நோய் என்பது என் எண்ணம். பழி மட்டும் அந்தக் காலத்து எஞ்சினியர் மேல். சமவெளியில் பத்மினி இப்போது குளுகுளுவென்று ஓடுகிறது. மலைக்கு மட்டும் அண்ணாவுக்கே நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. தீபாவளிக்குப் போனபோது அவராகவே கேட்டார், "அந்த ஃபேன் வெளியில தெரியாதுன்னியே, நிஜமாவா?"

அப்பா பெட்ரோல் கணக்கு எழுதி வந்த நீள நோட்டு இன்னும் டாஷ்போர்டில்தான் இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய் என்று நாலு கட்டம். மெக்கானிக் வேலையை முடித்ததும் அண்ணா அதை எடுத்து, அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு எழுதினார்: "எலெக்ட்ரிக் ஃபேன், ரேடியேட்டருக்குப் பின்னால். பழைய இறக்கை துணியில் சுற்றிப் பரணில்." ரூபாய்க் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பில் என் சட்டைப்பையில் இருந்தது.