வழிகாட்டியும் வரலாறும்

நாடாய்வோரின் சரித்திரத்தை நாம் பெரும்பாலும் தனிமனிதர் சிலரின் வீரக்கதையாகவே படித்து வந்துள்ளோம். இன்ன மலையை இன்னார் கடந்தார், இன்ன நகரை இன்னார் கண்டுபிடித்தார் என்று பாடநூல்கள் கூறும்; மாணவரும் அவ்வாறே மனனஞ் செய்வர். ஆயின், வந்தவருக்கு வழிகாட்டியவர் யார் என்ற கேள்வி எழுவது அரிது. அக்கேள்வியை எழுப்பிப் பார்ப்பதற்கு மத்திய ஆசியாவின் தக்லமக்கான் பாலைவனம் ஏற்ற களமாகும்.

வடக்கே தியென்ஷான், தெற்கே குன்லுன், மேற்கே பாமீர் ஆகிய மலைகள் சூழ, மூன்று இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பில் மணற்குன்றுகளாய்க் கிடப்பது இப்பாலை. மலைகளின் பனி உருகி வரும் ஆறுகள் பல இம்மணலிற் புகுந்து மறைகின்றன. அவ்வாற்றங்கரைகளிலேயே காஷ்கர், யார்க்கந்து, கோத்தான் முதலிய பசுந்தரைகள் தோன்றின. பட்டு வணிகரின் பாதைகள் பாலையின் ஓரங்களையே பற்றிச் சென்றன. உள்ளே துணிந்து நுழைந்தவர்கள் இடையரும், வேட்டுவரும், மணலில் மூழ்கிய பழைய ஊர்களிற் பொருள் தேடிய ஏழைகளுமே. எப்பருவத்திற் போகலாம், எவ்விடத்தில் தோண்டினால் நீர் ஊறும் என்ற அறிவு, ஏட்டிலேறாத அவர்களது முதுசொம்மாக இருந்தது.

சுவீடன் தேசத்தவரான ஸ்வென் ஹெடின் (1865 - 1952) இப்பிரதேசத்துக்கு 1894ஆம் ஆண்டில் வந்தார். கடுங்குளிரிற் பாமீரைக் கடந்தார். கிர்கீசிய மக்களின் துணையோடும் அவர்களது யாக் எருதுகளோடும், 7,500 மீற்றருக்கு மேல் உயர்ந்த முஸ்தாக் அத்தா மலையில் ஏற முயன்றார். உச்சி வசப்படவில்லை. அடுத்த ஆண்டு அவர் பாலையை நோக்கினார்.

1895 ஏப்ரில் 10ஆம் நாள், மெர்க்கெத் என்ற ஊரிலிருந்து நான்கு பணியாளரோடும் எட்டு ஒட்டகங்களோடும் கோத்தான் ஆற்றை நோக்கிப் புறப்பட்டார். வழியிற் கண்ட ஏரியில் பத்து நாட்களுக்குப் போதிய நீரை எடுக்குமாறு தாம் பணித்ததாகவும், ஆட்களோ நான்கு நாட்களுக்கே எடுத்ததாகவும் அவர் எழுதியுள்ளார். நீர் தீர்ந்தது. முகம்மது ஷா என்ற முதியவரும், யொல்ச்சி என்ற வழிகாட்டியும் மணலில் மாண்டனர். ஒட்டகங்களுள் ஒன்றே மிஞ்சியது. தவழ்ந்து சென்று ஆற்றுப்படுகையில் ஒரு குட்டையைக் கண்ட ஹெடின், வழியில் விழுந்து கிடந்த காசிமுக்குத் தமது சப்பாத்துகளில் நீர் கொணர்ந்தார். இஸ்லாம் பாய் என்ற மற்றைப் பணியாளரும் பிழைத்தார்.

சப்பாத்தில் நீர் சுமந்த கதையை உலகறியும். அக்காட்சியின் மனிதாபிமானத்தை நாமும் மறுக்கவில்லை. ஆனால், நீர் குறைந்தமைக்குக் காரணங் கூறும் ஒரே சாட்சி, பயணத்தின் தலைவரே. மாண்டவர் தம் பக்க நியாயத்தை எழுதிவைக்கவில்லை. ஒன்றை மட்டும் நாம் துணிந்து கூறலாம். வெயில் ஏறும் ஏப்ரில் மாதத்தைத் தெரிந்தெடுத்தவர் பணியாளரல்லர். பின்னாளில் ஹெடின் இப்பாலையைக் குளிர்காலத்திலேயே கடந்தார். அப்பொழுது நீரைப் பனிக்கட்டியாகவே ஒட்டகத்தில் ஏற்றிச் செல்லலாம். அந்தப் பாடத்துக்கு இரண்டு ஏழைகளின் உயிர் விலையாயிற்று.

1896 ஜனவரியில் கோத்தான் வாசிகள் வழிகாட்ட, மணலுள் மறைந்த தந்தான் ஒய்லிக் நகரின் இடிபாடுகளை அவர் அடைந்தார். 1900 டிசம்பரில் அதே இடத்துக்கு ஓரல் ஸ்டெயின் என்ற அறிஞரை அழைத்துச் சென்றவர், பாழூர்களிற் பொருள் தேடிப் பிழைத்த துர்தி என்ற முதியவர். எனினும் 'கண்டுபிடித்தோர்' பட்டியலில் ஹெடினும் ஸ்டெயினுமே நிலைபெற்றனர்.

இவை எல்லாவற்றினும் கருத்திற் கொள்ளத்தக்கது ஓர்தெக் என்பவரின் வரலாறு. லோப் நோர் ஏரிப்புறத்து மக்களைச் சேர்ந்த இவர், 1900 மார்ச் மாதத்தில் ஹெடினின் பயணக் குழுவில் இருந்தார். தங்கிய இடத்தில் மண்வெட்டியை மறந்து வந்துவிட்டனர். மண்வெட்டியின்றேல் நீரில்லை. அதனை எடுத்துவரத் திரும்பிய ஓர்தெக், மணற்புயலில் வழி தவறிச் சிற்பவேலை கொண்ட மரத்துண்டுகள் சிதறிய பாழூரொன்றைக் கண்டார். மண்வெட்டியோடு சில மரத்துண்டுகளையும் கொண்டுவந்து காட்டினார். அதன்வழி 1901இல் ஹெடின் அகழ்ந்த ஊரே, பண்டைச் சீன ஏடுகள் குறிப்பிடும் லூலான். மறு ஆண்டில் சுவீடன் மன்னர் ஹெடினுக்குப் பிரபுப் பட்டம் அளித்தார்.

ஓர்தெக்கின் பணி அத்துடன் முடியவில்லை. 1934இல் முதுமையெய்திய அவர், போல்க்கே பெரிமன் என்ற சுவீடிய தொல்லியலாளரை மணலிடைப் புதைந்த ஓர் இடுகாட்டுக்கு அழைத்துச் சென்றார். பெரிமன் அதனை 'ஓர்தெக்கின் இடுகாடு' என்றே குறித்தார். ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழைமையுடைய அவ்விடத்தை 2002 முதல் 2005 வரை சீன ஆய்வாளர் முற்றாக அகழ்ந்தனர். இன்று அது சியாவோஹெ என்ற பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறது.

ஹெடினும் ஸ்டெயினும் தம் துணைவர்களின் பெயர்களை எழுதிவைத்தமையாலன்றோ நாமும் அவற்றை அறிகிறோம் என்று கேட்கலாம். உண்மையே. அவர்களது உழைப்பையும் கல்வியையும் சிறுமைப்படுத்துவது நமது நோக்கமன்று. மண்ணை அறிந்த அறிவு கூலிக்கு வாங்கப்பட்டு, நூலும் பதக்கமும் பட்டமுமாக மாறியபொழுது, அதன் முதல் உடைமையாளருக்கு நாட்கூலியே எஞ்சியது என்பதைத்தான் நாம் சுட்டுகிறோம். தனிமனிதர் ஒருவரின் குணக்குறையன்று இது; அறிவையும் உழைப்பையும் வெவ்வேறாகப் பிரித்து விலையிடும் ஒரு சமுதாய அமைப்பின் விளைவு.

அவ்வமைப்பு பழங்கதையாகிவிடவுமில்லை. மலையேற்றமும் பாலைப் பயணமும் இன்று விலைக்குக் கிடைக்கும் பண்டங்கள். 2014 ஏப்ரில் 18ஆம் நாள் எவரெஸ்ட் மலையிற் பனிச்சரிவில் மாண்ட பதினாறு பேரும், பிறரின் ஏற்றத்துக்காகப் பாதை அமைத்துச் சுமை தூக்கிய நேபாளத் தொழிலாளரே. ஆகவே, நாடாய்வோரைப் பற்றி வகுப்பறையிற் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும், ஆண்டையும் பெயரையும் குறித்துக்கொண்ட பின்னர் மேலும் இரண்டு கேள்விகளைக் கேட்டல் வேண்டும்: வழியை அறிந்திருந்தவர் யார்? மண்வெட்டியை எடுத்துவரத் திரும்பிச் சென்றவர் யார்?