அல்லங்காடியின் ஊர்

மதுரைக்காஞ்சியில் இரண்டாம் சாமம் நடக்கிறது. தேனடை போல வரிவரியான மெல்லிய அடையையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகத்தையும் பரப்பி வைத்திருக்கும் கூவியர், சரக்கின் முன்னாலேயே உட்கார்ந்தபடி ஆடி ஆடித் தூங்குகிறார்கள். மாங்குடி மருதனார் அவர்களைக் கடந்து போகவில்லை. நின்று பார்த்து எழுதியிருக்கிறார். வாங்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனாலும் கடையை எடுத்து வைக்க மனமில்லை. நடுராத்திரியில் மதுரையின் தள்ளுவண்டி ஓரங்களில் நிற்பவர்களுக்கு இந்தக் காட்சிக்கு உரை தேவைப்படாது.

பத்துப்பாட்டிலேயே நீளமான பாட்டு அது, 782 அடி. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையைச் சொல்ல வந்த புலவர், வழியில் அவன் தலைநகரத்தின் ஒரு முழு இரவைச் சாமம் சாமமாகப் பிரித்துக் காட்டிவிடுகிறார். பகல் கடைத்தெரு நாளங்காடி, இரவுக் கடைத்தெரு அல்லங்காடி. அல்லங்காடியின் இரைச்சலுக்கு அவர் சொல்லும் உவமை, மாலையில் கூடு திரும்பும் பலவகைப் பறவைகளின் கூச்சல். ‘தூங்கா நகரம்’ என்ற பட்டம் எப்போது வந்ததோ, அதற்கான சாட்சி சங்க காலத்திலேயே பதிவாகிவிட்டது.

மூன்றாம் சாமம் இன்னும் சுவையானது. இருட்டோடு இருட்டாகக் கலக்கும் கரிய உடை, கல்லையும் மரத்தையும் துண்டிக்கும் வாள், மண்ணைத் தோண்ட உளி, இடுப்பைச் சுற்றி நூலேணி: களவுக்குப் புறப்பட்டவனின் சாமான்களை ஒன்றுவிடாமல் அடுக்குகிறார் புலவர். அவனைப் பிடிக்க அலையும் ஊர்க்காவலர்களோ களவு நூலையும் கற்றவர்கள். மழை கொட்டும் பாதிராத்திரியிலும் சோம்பாமல் எழுந்து தெருவில் சுற்றுகிறார்கள். கூவியர் உட்கார்ந்தபடி கண்ணயர முடிந்ததே இவர்கள் விழித்திருந்ததால்தான். மதுரையின் இரவு வாழ்க்கை கேளிக்கையால் உண்டானது அல்ல. ஒருவர் விழித்திருந்து பார்க்கும் வேலையின் மேல் இன்னொருவருடைய வேலை நிற்கிறது.

அந்த ஊரைச் சுற்றி மதில் இருந்தது. நாயக்கர் காலத்துக் கோட்டையும் அகழியும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை நின்றன. அப்போது கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அவற்றை இடிக்க எளிய வழி ஒன்று கண்டார்: மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த இடம். வெளி வீதிகள் பிறந்தன. வேலையில் கூட இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் ஆளுக்கொரு வீதிப் பெயராக இன்னும் இருக்கிறார்கள். வாசல்கள் போய்விட்டன, கீழவாசலும் தெற்குவாசலும் பெயராக மட்டும் தங்கிவிட்டன. பேருந்தில் ‘கீழவாசல் இறங்கு’ என்று நடத்துநர் குரல் கொடுக்கும்போது, இல்லாத ஒரு கோட்டைக் கதவின் முன்னால்தான் ஆட்கள் இறங்குகிறார்கள்.

பிளாக்பர்னுக்கு ஊர் செய்த நன்றி ஒரு விளக்கு. கீழ மாசி வீதியில் நிற்கும் அந்தத் தூணால் சுற்றுப்புறம் முழுக்க விளக்குத்தூண் ஆனது. ஒரு கலெக்டரின் நினைவுக்குச் சிலைக்குப் பதில் இரவு விளக்கை நட வேண்டும் என்று தோன்றியது இந்த ஊரின் குணத்துக்குப் பொருத்தம்தான். இன்று அங்கே ஜவுளிக் கூட்டமும் ஜிகர்தண்டாக் கூட்டமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்கின்றன.

வெளியே சந்தடி இப்படி இருக்க, கோயிலுக்குள் இரவு வேறு கதியில் போகிறது. சொக்கநாதரின் பாதுகை பல்லக்கில் ஏறி மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகிறது. தீபாராதனை முடிந்து கதவு சாத்துகிறார்கள். சித்திரை வீதி அமைதியாகிறது, மாசி வீதிகளுக்கு அப்போதுதான் சூடு பிடிக்கிறது.

மதுரையின் இரவை மேற்கே இழுத்தது ரயில். 1875இல் தண்டவாளம் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஹார்வி சகோதரர்களின் மதுரா மில்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எழுந்தது. பிறகு கருமுத்து தியாகராசர் மீனாட்சி மில்லைக் கட்டினார். அன்று ஆலைச் சங்குதான் அந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கடிகாரம். ஷிப்ட் முறை வந்ததும் பாதிராத்திரியில் பசியோடு தெருவில் இறங்கும் கூட்டம் ஒன்று ஊருக்கு நிரந்தரமாகச் சேர்ந்தது. மயிரில் பஞ்சு ஒட்டியபடி வெளியே வருகிற ஆளுக்கு ஆவி பறக்கும் இட்லி அந்த நேரத்தில் வேண்டும். வீட்டில் உலையை மறுபடி ஏற்ற முடியாது. தெருவோரத்தில் ஒரு பெண் அடுப்பை மூட்டி வைத்திருப்பாள். மதுரையில் இட்லி இரவுச் சாப்பாடானதில் அந்தச் சங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

பருத்திப்பாலும் அந்தத் தெருக்களுக்கு உரியது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்து, பாலைப் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் கிண்டிக் காய்ச்ச வேண்டும். அடி பிடித்தால் போச்சு. பஞ்சு ஆலைக்குள் போன ஊரில், கொட்டை தெருமுனைப் பாத்திரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆலையும் ரயிலும் கொண்டுவந்து சேர்த்த கூட்டத்துக்குப் படமும் வேண்டியிருந்தது. 1952 தீபாவளியன்று, அக்டோபர் 17, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் தங்கம் தியேட்டர் ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். இரண்டாம் ஆட்டம் விட்டதும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தெருவில் இறங்கினால் எந்தக் கடைக்காரன் கதவடைப்பான்? அந்தத் தியேட்டர் இப்போது இல்லை.

அதற்கும் முன்னால் இருந்தது நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அவர் எழுதிய ‘வள்ளி திருமணம்’ இன்றும் சுற்றுப்பட்டிக் கோயில் கொடைகளில் இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி, நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்து முடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று தனித்தனியாகப் பேசி அமர்த்துவதால் அது ஸ்பெஷல் நாடகம். ஒத்திகையே இல்லாமல் அன்று மேடையில் சந்திக்கிறவர்கள் விடியும் வரை பாடி நிறுத்துகிறார்கள். இந்தக் கலைக்கு மதுரை கொடுத்த இடத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது.

வைகையின் குறுக்கே 1889இல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம், அதற்கும் வடக்கே தல்லாகுளம். சித்திரையில் ஓர் இரவு மொத்த மதுரையும் இங்கே வந்துவிடும். கள்ளர் வேடத்தில் மலையிலிருந்து வரும் அழகரைத் தல்லாகுளத்தில் எதிர்கொண்டு அழைப்பது எதிர்சேவை. சொம்பு நிறையச் சர்க்கரை, சொம்பின் வாயில் வாழையிலை, அதன் மேல் எரியும் சூடம் என ஏந்தி நிற்கிறார்கள். தோல்பையில் நீரைச் சுமந்து சிறு குழாய் வழியே பீய்ச்சுகிற வேண்டுதல்காரர்களின் உடம்பெல்லாம் நனைந்திருக்கும். அழகர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் மாலையை அணிந்து விடியற்காலை ஆற்றில் இறங்கும்வரை, வைகை மணலில் குடும்பம் குடும்பமாகக் கிடப்பார்கள். ஆற்றில் இறங்கிய மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம், அதுவும் விடிய விடிய.

கடைகளை இரவு பதினொன்றுக்கு மூடச் சொல்வதும் கடைக்காரர்கள் மனு கொடுப்பதும் மதுரையில் பழைய வழக்கு. 2019இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு ஆணை இட்டது. அடுப்பும் ஒரு பெஞ்சும் வைத்து இரண்டே பேர் நடத்துகிற இட்லிக்கடை அந்தக் கணக்கில் வரவில்லை. மதுரையின் இரவை உண்மையில் தாங்கி நிற்பது அந்தக் கடைதான்.

இப்போது இரவின் கடைசிப் பகுதி மாட்டுத்தாவணியில் கழிகிறது. பேருந்து நிலையமும் காய்கறி மார்க்கெட்டும் பூ மார்க்கெட்டும் அங்கேதான். மல்லிகைக்கு மனிதர்களின் கடிகாரம் தெரியாது. மலர்ந்துவிட்டால் விலை போகாது, ஆகவே மொட்டாகப் பறிக்க வேண்டும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மொட்டு, சாக்கில் வந்து தராசில் விழுந்து, அன்றைய விலை குரல் குரலாக ஏறி இறங்கி ஒரு இடத்தில் நிற்கிறது. வாழைநாரை நனைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி தொடுக்க உட்காருகிறார். இரண்டு முழம் கட்டுவதற்குள் தலை ஒருமுறை மெல்ல முன்னால் சாய்ந்து, நிமிர்கிறது. விரல்கள் மட்டும் நிற்கவில்லை.