தலைப்பிரட்டை

தவளைக்குஞ்சின் பெயர். உடம்பே தலையாகத் தெரிவதால் 'தலை' முன்னே நிற்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் சொல்லும் 'தெத்தார்' என்பதும் தலையைக் குறிக்கும் 'தெத்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

மழைக்குப் பின் ஊசுட்டேரிப் பக்கம் தேங்கிய நீரில் தலைப்பிரட்டைகளைப் பாருங்கள். முதலில் பின்னங்கால் முளைக்கும், பிறகு முன்னங்கால், கடைசியில் வால் கரைந்துபோகும். எல்லாவற்றுக்கும் தூண்டுதல் தைராய்டு சுரக்கும் தைராக்சின். ஒரே இயக்குநீர் காலை வளர்க்கிறது, வாலை அழிக்கிறது. எனக்கு இன்றும் தீராத வியப்பு இது! 1912இல் ஆய்வாளர் குடர்நாட்ச் தைராய்டுத் திசுவை ஊட்டியபோது தலைப்பிரட்டைகள் வளருமுன்பே குட்டித் தவளைகளாயின.

தைராய்டு, கிரேக்கத்தில் 'கேடயம் போன்றது'. இலங்கைத் தமிழர் 'கேடயப்போலி' என்கிறார்கள், அருமையான ஆக்கம். அந்தச் சுரப்பியை நீக்கிவிட்டால் தலைப்பிரட்டை தவளையாகாது, தலைப்பிரட்டையாகவே பெருக்கும்.