ரக்மானினோவும் மேடை அடக்கமும்

பியானோ வாசிப்பைக் கண்ணுக்கும் விருந்தாக்கியவர் ஹங்கேரி நாட்டுக் கலைஞர் லிஸ்ட். தமது பக்கத் தோற்றம் சபையோருக்கு நன்கு தெரியும்படி பியானோவைத் திருப்பி வைத்தார்; அவரது கையுறைக்காகச் சீமாட்டிகள் போட்டியிட்டனர். இம்மோகத்துக்கு 1844இல் கவிஞர் ஹைனே ‘லிஸ்ட் பித்து’ என்றே பெயரிட்டார். லிஸ்டை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. 1838இல் பெஸ்ட் நகரை வெள்ளம் அழித்தபோது வியன்னாவில் வாசித்து நிதி திரட்டியவரும் அவரே. ஆயினும் அவர் வழிவந்தோருட் பலர் ஆற்றலை விடுத்து ஆரவாரத்தை மட்டுமே கைக்கொண்டனர்.

அந்த ஆரவாரத்துக்கு நேர்மாறாக மேடையில் விளங்கியவர் ருஷ்யக் கலைஞர் செர்கேய் ரக்மானினோவ் (1873-1943). ஒட்ட வெட்டிய தலைமயிர், ஆறடிக்கு மேற்பட்ட நெடிய உருவம், சிரிப்பறியாத முகம். வாசிக்கத் தொடங்கியபின் உடல் ஆடாது. முகம் உணர்ச்சியைப் பறைசாற்றாது. பன்னிரண்டு வெள்ளைக் கட்டைகளை ஒருங்கே தழுவவல்ல பெருங்கரங்கள் தேவைக்கு மேல் உயரா.

இதனைப் பிரபுத்துவ இறுமாப்பு எனக் கொள்வோரும் உளர். அவர் நிலவுடைமைக் குடியிற் பிறந்தவராதலின் அவ்வையம் எழுவது இயல்பே. ஆனால் காரணம் அவரது இசைக் கொள்கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் உச்சப் புள்ளி உண்டு. மற்றவை யாவும் அதனை நோக்கியே அளந்து வாசிக்கப்படவேண்டும். அப்புள்ளி தவறின் படைப்பே சிதைந்துபோகும் என்று அவர் கருதினார். முதல் அடியிலேயே தலையைச் சிலுப்பி உருகிவிடுபவருக்கு அவ்வுச்சத்தை எய்தும்போது கொடுப்பதற்கு என்ன மிஞ்சும்?

1917 இறுதியில் ருஷ்யாவை விட்டு வெளியேறி, உடைமைகளை இழந்த பின்னர், குடும்பத்தைக் காக்கவே நாற்பத்தைந்தாம் வயதில் அவர் முழுநேரப் பியானோ கலைஞரானார். அதுவரை பெரும்பாலும் தம் படைப்புகளையே மேடையில் வாசித்தவர், பிறர் படைப்புகளை மாணவனைப் போல் அமர்ந்து பயின்றார்.

அவர் நம் அணியினர் அல்லர். தாகூர் சோவியத் நாட்டைப் பாராட்டியதைக் கண்டித்து 1931இல் நியூயோர்க் பத்திரிகையொன்றில் வெளிவந்த கடிதத்தில் அவரும் கையொப்பமிட்டார். அதனால் அவரது இசை சோவியத் நாட்டிற் சில காலம் விலக்கப்பட்டது. ஒரு கடிதத்துக்காக இசையைத் தண்டித்தது விவேகமன்று என்பதே எமது கருத்து. பத்தாண்டுகளின் பின் ஹிட்லரின் படைகள் ருஷ்ய மண்ணிற் புகுந்தன. அவ்வாண்டு, 1941 நவம்பர் முதலாந் திகதி, நியூயோர்க்கில் வாசித்துக் கிடைத்த 3,920 டொலரையும் சோவியத் மக்களுக்கான மருத்துவ உதவிக்கெனச் சோவியத் துணைத்தூதரகத்துக்கு அவர் அனுப்பிவைத்தார். உடன் சென்ற சிறு கடிதத்தில் தம்மை ஒரு ருஷ்யர் என்று மட்டும் குறிப்பிட்டு, வெற்றியில் தமக்குள்ள நம்பிக்கையைத் தெரிவித்திருந்தார்.

ஸ்டாலின்கிராட்டில் நாஜிப் படை சரணடைந்து பதினைந்தாம் நாள், 1943 பெப்ரவரி 17ஆந் திகதி, அமெரிக்காவின் நொக்ஸ்வில் நகரிற் கடைசி முறையாக மேடையேறினார். புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சியை முழுமையாக வாசித்து முடித்தார். மார்ச் 28ஆந் திகதி காலமானார்.