ஷிப்டுக்கு நடுவே ஒரு பட்டம்: கரஸா, ஆன்லைனா?

அரியலூர், பெரம்பலூர் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் வாங்க நினைப்பவருக்கு இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தொலைநிலைக் கல்வி. ஊர்ப்பேச்சில் அது இன்னமும் 'கரஸ்'தான். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், இக்னோ ஆகியவை அதற்குப் பழகிய பெயர்கள். மற்றது ஆன்லைன் பட்டம். யுஜிசி 2020 செப்டம்பரில் கொண்டுவந்த விதிமுறைகளுக்குப் பிறகு தனியார் பல்கலைக்கழகங்கள் இதில் வேகமாக இறங்கின. கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர் சிமெண்ட் ஆலைகளில் ஷிப்ட் பார்ப்பவர், ஜெயங்கொண்டம் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர், தனியார் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியை என யார் போனைத் திறந்தாலும் இந்த விளம்பரங்கள் வந்து நிற்கின்றன. கொடுத்த காசுக்கு எது உழைக்கும்?

மதிப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ தரும் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவாகவே அறிவித்துவிட்டது. ஆகவே 'ஆன்லைன் பட்டத்துக்குத்தான் இனி மவுசு' என்று சொல்லிக் காசு கேட்பவரை நம்ப வேண்டியதில்லை. 'கரஸ்ல வாங்கினது செல்லாது' என்ற பழைய பயத்துக்கும் இடமில்லை. வித்தியாசமெல்லாம் செலவிலும் நேரத்திலும் மொழியிலும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. அவரவர் தங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளலாம்.

நாளுக்கு 800 ரூபாய் சம்பளம் வாங்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் மூன்று வருட பி.காம். சேர்கிறார். தொலைநிலையில் கட்டணம் வருடத்துக்கு 5,000 என்றால் மூன்று வருடத்துக்கு 15,000. விளம்பரத்தில் தெரிவது இந்தத் தொகை மட்டும்தான். நேர்முக வகுப்புகளில் வருடத்துக்கு ஐந்து நாள் ஷிப்டோடு மோதுகின்றன என்று வைத்தால் 15 நாள் சம்பளம், அதாவது 12,000 ரூபாய் போகிறது. தேர்வுக்கு வருடம் ஆறு நாள் வீதம் 18 நாளுக்கு 14,400. மையத்துக்குப் போய்வர பஸ், சாப்பாடு என்று வருடம் 16 நாளுக்கு நாளுக்கு 200 வீதம் 9,600. எல்லாம் சேர்த்தால் 51,000 ரூபாய். கட்டணம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. நிரந்தர வேலையில் சம்பளத்துடன் விடுப்பு இருப்பவருக்கு இந்த இழப்பு குறையும். காண்ட்ராக்டில் இருப்பவருக்கு வேலைக்கு வராத நாள் வராத நாள்தான்.

அதே பி.காம். ஆன்லைனில். வருடத்துக்கு 40,000 என்றால் மூன்று வருடத்துக்கு 1,20,000. போனில் பாடம் கேட்கலாம். ஆனால் கேமரா வைத்து வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுக்குப் பெரும்பாலும் லேப்டாப் வேண்டும். அதற்கு 35,000. மொத்தம் 1,55,000. சம்பள இழப்பும் பயணச் செலவும் அநேகமாக இல்லை. அப்படி 36,000 ரூபாயை மிச்சம் பிடித்தும் ஆன்லைன் மூன்று மடங்காகவே நிற்கிறது. தவணையாகக் கட்டினால் பாரம் தெரியாது என்பார்கள். பல இடங்களில் அந்தத் தவணை, நிதி நிறுவனம் ஒன்றிடம் நம் பெயரில் எடுக்கப்படும் கடன். படிப்பை நடுவில் விட்டாலும் கடன் நிற்காது. கையெழுத்துப் போடும்முன் அந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணத்தை மட்டும் பார்த்தால் கரஸ் ஜெயிக்கிறது. ஆனால் முடிக்காத பட்டத்துக்கு விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது நஷ்டமே. ஷிப்ட் வாழ்க்கை படிப்பை எங்கே அறுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் காலை 6 என்று ஷிப்ட் சுழலும் இடத்தில் வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் பட்டத்தின் நேரலை வகுப்புகள் பெரும்பாலும் மாலையிலோ சனி, ஞாயிறிலோ நடக்கும். மதிய ஷிப்ட் வாரத்தில் மாலை வகுப்பு அத்தனையும் போச்சு. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் ஞாயிறு காலை பத்து மணி வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய பாடு. பதிவு செய்த வீடியோதான் அவருக்குக் கைகொடுக்கும். ஆகவே பதிவுகள் எத்தனை நாள் வரை கிடைக்கும் என்பது கட்டணத்தைவிட முக்கியமான கேள்வி. தொலைநிலையில் அச்சடித்த பாடப் புத்தகம் கைக்கு வருகிறது. அதற்கு நெட் வேண்டாம், சார்ஜ் வேண்டாம். ஆனால் புரியாத இடத்தில் கேட்க ஆள் இல்லை. அக்கவுண்டன்ஸியில் இருப்புநிலைக் குறிப்பு ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால், எந்தப் பதிவில் தப்பு என்று சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டும். கரஸில் நல்ல புத்தியுள்ளவர்களும் பேப்பர் பேப்பராகத் தங்கிப்போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இங்கே தொலைநிலைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது அவசரப்படுத்துவதில்லை. இக்னோவில் மூன்று வருட இளநிலைப் பட்டத்தை ஆறு வருடம் வரை இழுத்து முடிக்கலாம். தங்கை கல்யாணம், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, முந்திரி அறுவடை என்று ஒரு வருடம் கழிந்தாலும் சேர்ந்த படிப்பு கையை விட்டுப் போகாது.

மொழியைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முடியாது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பல படிப்புகளைத் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே எழுதலாம். தனியார் ஆன்லைன் பட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து, பத்து வருட இடைவெளிக்குப் பின் திரும்ப வருபவருக்கு அது இரட்டைப் பாடம். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2010-இல் வந்த அந்தச் சட்டம் 2020 திருத்தத்தில் இறுகி, பள்ளி முதலே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆனது. ஆங்கிலவழிப் பட்டம் வாங்கினால் பட்டத் தகுதி கேட்கும் வேலைகளில் அந்த உரிமை போய்விடும். தொலைநிலையில் தமிழ்வழி படித்தவருக்கு அது பொருந்துமா என்பதும் நீதிமன்றம் வரை போன விஷயம். குரூப் தேர்வு எழுதுகிறவர்கள் சேரும்முன் இதை விசாரித்துவிட வேண்டும்.

அதைவிடவும் பலரைக் கவிழ்ப்பது 2009-இல் வந்த 107-ஆம் எண் அரசாணை. பத்தாவது, பிளஸ் டூ முடித்து அதன்பின் பெற்ற திறந்தநிலைப் பட்டத்தை மட்டுமே தமிழக அரசுப் பணிக்கு ஏற்பார்கள். பத்தாவதோடு நின்று ஆலைக்குப் போனவர் முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதி முடிப்பதுதான் அவர் செலவிடக்கூடிய மிக லாபகரமான பணம்.

எதற்காகப் படிக்கிறோம் என்பதில்தான் எனக்கு அதிகக் கவலை. சிமெண்ட் ஆலையில் ஆபரேட்டராக இருப்பவர் மேலே போக, நிர்வாகம் கேட்பது பெரும்பாலும் டிப்ளமோவோ பி.இ.யோ. பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த யுஜிசி விதியில் அனுமதி இல்லை. ஆகவே அவர் எந்த வழியில் பி.பி.ஏ. வாங்கினாலும் அதே ஆலைக்குள் அது அவரை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பது சந்தேகமே. ஏஐசிடிஇ 2023-24 முதல் வேலைக்குப் போவோருக்காக வசதியான நேரத்தில் பொறியியல் வகுப்புகள் நடத்த அனுமதித்திருக்கிறது. அவர் விசாரிக்க வேண்டியது அதை. கடையில் கணக்கு எழுதுபவருக்கோ பி.காம். நேராகவே உதவும், அதைக் கரஸில் முடித்தால் போதும். அரசு ஆசிரியர்களுக்கு மேற்படிப்பு முடித்ததும் முன் ஊதிய உயர்வு கிடைத்துவந்தது. பணிக்காலம் முழுக்க மாதாமாதம் வரும் பணம் அது. 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். பின்னர் ஒரே தடவை தரும் ஊக்கத்தொகையாக அது மாறியது. இப்போது அவர்கள் எம்.ஏ.வுக்கு ஒரு லட்சம் கட்டினால் அந்தப் பணம் சம்பள வழியாகத் திரும்பாது.

ஆன்லைனுக்கு நான் மனமார ஓட்டுப் போடும் இடம் ஒன்று இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு அது. ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். நான்கு வருடப் பட்டம் வரை போனால் மூன்று லட்சத்தைத் தாண்டும். ஆனால் குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. மொத்தமாகக் கட்ட வேண்டாம். எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டலாம். நடுவில் நின்றால் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும். தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். நம்பகத்தன்மைக்கு அது நல்லது. ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரமாவது வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஓ.டி. பார்ப்பவர் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்று வைத்துக்கொள்வதே சரி. ஊரை விட்டுப் போகாமல் விற்கக்கூடிய திறமை ஒன்று இதில் கிடைக்கிறது.

கைக்குழந்தையோடு இருக்கும் பெண்களின் கணக்கும் வேறு. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திருச்சிக்குப் போய்வர முடியாதவருக்கு, கூடுதலாகக் கொடுக்கும் ஒரு லட்சம் வீண்செலவென்று யாரும் சொல்லிவிட முடியாது. அது இல்லையென்றால் அவருக்குப் படிப்பே இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் 2014-இல் தொடங்கிய ஆன்லைன் கம்ப்யூட்டர் முதுநிலைப் பட்டத்தை ஆராய்ந்தவர்கள் இதையே கண்டார்கள். மொத்தக் கட்டணம் சுமார் 7,000 டாலர். நேரடிப் படிப்புக்கு விண்ணப்பிப்போரின் சராசரி வயது 24. ஆன்லைனுக்கு வந்தவர்களுடையது 34. இந்தப் படிப்பு இல்லாவிட்டால் அவர்களில் பலர் வேறெங்கும் சேர்ந்திருக்க மாட்டார்கள். அங்கே கட்டணத்தைக் குறைத்தது ஓர் அரசுப் பல்கலைக்கழகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதில் சேர்ந்தாலும் அங்கீகாரத்தை அந்தப் படிப்புக்கும் அந்த ஆண்டுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். பெயரை நம்பினால் போதாது. நம் பக்கத்துச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் தொலைநிலைக் கல்வி நடத்திய பெரிய பெயர். 2014-15க்குப் பிந்தைய அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2022 மார்ச்சில் அறிவித்தபோது, படித்து முடித்தவர்கள்தான் திகைத்து நின்றார்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. பார்க்கக் காசில்லை.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தில், தமிழில், எந்த ஷிப்டிலும் பார்க்கிற மாதிரிப் பதிவு செய்த வகுப்புகள் வேண்டும். ஜெயங்கொண்டம், செந்துறை வரை ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு மையங்கள் வேண்டும். மேலே போட்ட கணக்கில் கட்டணத்துக்கு வெளியே போன 36,000 ரூபாயில் பெரும்பகுதி அப்போது தொழிலாளியின் கையிலேயே தங்கும்.