கடல் கடந்து வந்த குதிரைகளும் அந்தியூர்ச் சந்தையும்

தலைநகரில், குளிர்கால முகூர்த்த நாட்களில், வாத்தியம் முழங்க மணமகன் வெண்குதிரை மீதமர்ந்து வருவதை மோதி பாக் வாசிகளாகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நம் ஊர்ப் பக்கத்துத் திருமணங்களில் குதிரை இல்லை. ஊரெல்லையில் ஐயனார் முன்னே சுடுமண்ணாக நிற்கிறது. குதிரையைத் தெய்வத்திற்கே காணிக்கையாக்கிய தமிழகம், உயிருள்ள குதிரையைத் தானே வளர்த்ததா என்று கேட்டால், விடை சற்று வருத்தம் தருவதே.

கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே குறிப்பிடுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியரின் காயல் துறைமுகம் இவ்வணிகத்தால் செழித்திருந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பக்குவமறிந்த வைத்தியர் இல்லை. இறைச்சியும் சோறும் தீனியாயின. உயர்சாதிக் குதிரைகளுக்குப் பிறந்த குட்டிகளும் கால் கோணிப் பயனற்றுப் போயினவாம். அயலாரின் கூற்றில் மிகை இருக்கலாம். ஆயினும் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாபும் இறக்குமதியின் பெருக்கத்தையே சொல்கிறார். கீஷ் தீவின் வணிகர் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார். வழியில் கடலில் மடிந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலமே விலை கொடுத்தது! இத்தகைய ஒப்பந்தம் இருக்கையில், குதிரை நெடுநாள் வாழவேண்டுமென்ற கவலை விற்பவனுக்கு எங்கிருந்து வரும்? மன்னர்தம் பொருளைக் கோயிலுக்குச் செலவிட்ட மாணிக்கவாசகருக்காக நரிகள் பரிகளான கதை மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. அக்கதையின் பின்னணியில் இருப்பதும் இந்தக் குதிரை வாணிகமே.

குரோவேஷிய நாட்டு ஜாகோவோ என்னும் சிற்றூரில், 1506-ஆம் ஆண்டு முதலே ஆயரின் ஆதரவில் குதிரைப் பண்ணை நடந்துவந்துள்ளது. லிப்பிசானர் வெண்குதிரைகளை வளர்க்கும் மரபை 2022-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் அத்தகைய முயற்சி வெகுகாலம் கழித்தே தொடங்கிற்று. கும்பினிப் படைக்குக் குதிரை வளர்க்க 1824-இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் பண்ணை ஏற்பட்டது. பின்னர் அது கால்நடைப் பண்ணையாக மாறியது.

எனினும் குதிரைமேல் தமிழனுக்குள்ள ஆசை அடங்கிவிடவில்லை. ஈரோடு மாவட்டத்தில், பர்கூர் மலையடிவாரத்தை அடுத்த அந்தியூருக்கு ஆடி மாதத்தில் சென்றவர்கள் இதனை அறிவர். புதுப்பாளையம் குருநாதசுவாமி திருவிழாவில் கூடும் கால்நடைச் சந்தைக்கு மார்வாரியும் கத்தியவாரியும் வந்து சேரும். அவற்றின் காது நுனிகள் ஒன்றையொன்று நோக்கி வளைந்திருக்கும். பறை ஒலிக்கேற்பக் காலெடுத்து ஆடும் நாட்டியக் குதிரையைச் சுற்றிக் கூட்டம் திரளும். திப்பு சுல்தான் இங்கே குதிரை வாங்கினாரென்பது ஊரார் வழக்கு. அதற்குச் சான்று தேடுவதைவிட, வாங்க வந்த முதியவர் குதிரையின் நெற்றிச் சுழியையும் பல்வரிசையையும் பார்க்கும் முறையைக் கவனிப்பது பயனுள்ளது. ஏட்டில் ஏறாத அறிவு அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே செந்நிறத்தில் வெண்புள்ளி தெளித்த பர்கூர் மாடுகளும், காங்கயம் காளைகளும் நிற்கும். தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவர். மாட்டினத்தைப் பேணுவதில் கொங்கு நாட்டார் காட்டிய திறமையைப் பார்க்கையில், வளர்ப்புக் கலை நமக்கு வராது என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் புரவி எடுப்பு நடக்கிறது. ஊரார் பிடிமண் கொடுக்க, வேளார் மண்குதிரை வனைந்து சூளையிட்டுத் தருவர். விழா நாளில் அவற்றைத் தோளில் சுமந்து ஐயனார் கோயிலில் சேர்ப்பர். மழையில் பழைய குதிரைகள் கரைந்தும் உடைந்தும் கிடக்க, அவற்றின் பக்கத்திலேயே புதியவை வரிசையாக நிறுத்தப்படுகின்றன.