செப்சிஸ்: அறுவைச் சிகிச்சையும் மீட்சியும் (சென்னை)

செப்சிஸ் என்பது தொற்றை எதிர்க்கக் கிளம்பும் உடல், கட்டுமீறித் தன் உறுப்புகளையே பழுதாக்கிக்கொள்ளும் நிலை. 'ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது' என்பது மக்கள் வழக்கு. குடல் ஓட்டை, வெடித்த குடல்வால், குடல் தையலில் கசிவு, சர்க்கரை நோயாளியின் அழுகிய கால்புண் ஆகியவை அறுவை நோயாளிகளிடம் இதற்கு முக்கியக் காரணங்கள். சீழை வடிப்பது, கசிவை அடைப்பது, தாமதமின்றி ஆன்டிபயாட்டிக் தருவது, சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவது ஆகியவையே சிகிச்சை.

தொடக்க வரலாறு

சென்னை அரசு பொது மருத்துவமனை 1664-இல் கோட்டைக்குள் தோன்றி, 1772-இல் இன்றைய இடத்துக்கு மாறியது. மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் 1835. கிருமியே நோய்க்குக் காரணம் என்பது நிலைபெறாத காலம் அது. வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-இல் மருத்துவர்களைக் கை கழுவ வைத்தார். லிஸ்டர் 1867-இல் கார்பாலிக் அமிலத்தால் புண்களைக் காக்கும் முறையை வெளியிட்டார். சென்னைக் கிண்டியில் 1899-இல் கிங் நோய்த்தடுப்பு நிலையம் எழுந்தது. அம்மைப்பால் தயாரிப்பில் தொடங்கிய அது, கிருமியியல் ஆய்வுக்கூடமாக வளர்ந்தது.

வரையறைகள்

கோபன்ஹேகனில் 1952-53 இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோயையொட்டித் தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது. முன்பு ஓரிரு நாளில் இறந்திருக்கக்கூடியவர்கள் வாரக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள். அவர்களிடம் செப்சிஸை இனங்காணப் பொது வரையறை தேவைப்பட்டது. 1991-இல் அமெரிக்க வல்லுநர்கள் காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து செப்சிஸை வரையறுத்தனர். 2016-இல் வந்த மூன்றாம் வரையறை உறுப்புப் பழுதை அளவுகோலாக்கியது. 2017-இல் உலகில் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்து, 1.1 கோடிப் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

சென்னையின் இடம்

சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட 2010-ஆம் ஆண்டுக் கட்டுரை, கார்பாபெனம் என்னும் வீரியமான ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் மசியாத என்.டி.எம்.-1 கிருமிகளைக் காட்டியது. அவற்றில் 44 மாதிரிகள் சென்னையில் கிடைத்தவை. 2012 ஆகஸ்டில் இத்தகைய மருந்தெதிர்ப்பைக் கட்டுப்படுத்த மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வகுத்தன. 2014 மார்ச் முதல் எச்-1 பட்டியல் விதி, வீரியமான ஆன்டிபயாட்டிக்குகளின் கடை விற்பனைக்குக் கடிவாளம் போட்டது. பின்னர் இந்தியாவின் 35 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு, அங்கிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு செப்சிஸ் இருந்ததைக் கண்டது.

பிழைத்த பின்

புளோரிடா பல்கலைக்கழக ஆய்வுக்குழு, அறுவைப் பிரிவு செப்சிஸ் நோயாளிகளை ஓராண்டு வரை பின்தொடர்ந்தது. தொடக்கத்திலேயே இறந்தவர்கள் சிலரே. மூன்றில் ஒருவர் 14 நாட்களுக்கு மேல் உறுப்புப் பழுதோடு தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கிடந்தார்; அப்படிக் கிடந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறந்தனர். விரைந்து தேறியவர்களிடம் அந்த இறப்பு 5 விழுக்காட்டைத் தொடவில்லை. அடங்காத அழற்சி, குன்றிய எதிர்ப்புச் சக்தி, கரையும் தசை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பதாக 2012-இல் இக்குழு விளக்கியது.

இதன் விளைவு வீட்டில்தான் தெரியும். டம்ளரைப் பிடிக்கக் கை நடுங்கும், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, கணக்கு வழக்கு மறக்கும், தூக்கம் கெடும். சென்னை அசோக் நகரில் லிஃப்ட் இல்லாத வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்காரருக்கு ஒவ்வொரு மறுபரிசோதனையும் மூச்சு வாங்கும் படியேற்றம். புரதம் மிகுந்த உணவு, படுக்கையிலேயே தொடங்கும் பிசியோதெரபி, மனநலக் கவனிப்பு ஆகியவை மீட்சிக்கான வழிகள். பக்கத்துக் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை, கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடை பழக்குகிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது.

டிஸ்சார்ஜ் ஆனோரின் எண்ணிக்கை மட்டும் சிகிச்சையின் வெற்றியைக் காட்டாது. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் நடை, கைப்பிடி வலு, நினைவாற்றல், வேலைக்குத் திரும்பியது ஆகியவற்றை அளந்து பதிவதே அதைக் காட்டும் கணக்கு.